கன்டோன்மென்ட் கால்பந்து 14: கண்ணால் எடுத்தது களவா?

"பிடு! பிடு!" என்று பின்னாலிருந்து கத்தினான் எங்கள் கோலி. நான் பந்தைப் பிடிக்க முன்னால் பாய்ந்தேன். அது என் முழங்காலில் பட்டுத் திரும்பி எங்கள் கோலுக்குள்ளேயே உருண்டது.

அல்சூருக்கு நாங்கள் குடிவந்து ஒரு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. வேலூர்ப் பக்கத்திலிருந்து வந்த எனக்குக் கன்னடத்தில் ஒரு சொல் தெரியாது. இந்த ஊர்த் தமிழ்ப் பிள்ளைகளோ பந்து காலுக்கு வந்துவிட்டால் மூன்று மொழியைக் கலந்து பேசுவார்கள். கன்னடத்தில் 'பிடு' என்றால் நம் 'விடு'. என் காதில் அது 'பிடி' என்று விழுந்துவிட்டது. அர்த்தம் சொல்லிக்கொடுத்தார்கள். ஆட்டம் தொடர்ந்தது. பத்து நிமிடம் போயிருக்கும். உயரமாக ஒரு பந்து இறங்கிவந்தது. "பிடு!" என்று குரல் கேட்டது. இந்த முறை மறக்காமல் ஒதுங்கி விட்டுவிட்டேன். கத்தியது எங்கள் கோலி இல்லை, எதிர் டீம் ஃபார்வர்டு. பந்தை எடுத்துக்கொண்டுபோய் நிதானமாகக் கோல் போட்டான்.

விசில் இல்லாமல் வாயாலேயே ரெஃப்ரி வேலை பார்த்தவரை நாங்கள் எல்லோரும் அண்ணா என்றுதான் கூப்பிடுவோம். அவர் அந்தக் கோலை ஒப்புக்கொள்ளவில்லை. அந்தப் பையனைப் பக்கத்தில் கூப்பிட்டு, "அவன் கத்தறத கேட்டு நீ ஆடு, யாரு வேணாங்கறது? அவனாட்டம் நீ கத்தாத" என்றார். என் முழங்காலில் பட்டுப் போன முதல் கோலை மட்டும் கோல் என்றே வைத்துக்கொண்டார்.

சென்ற வாரம் 1948 ஜூலை 31-இல் நிறுத்தியிருந்தேன். லண்டனை ஒட்டிய இல்ஃபோர்டு மைதானம்; எதிரே பிரான்ஸ்; சுதந்திர இந்தியாவின் முதல் ஒலிம்பிக் கால்பந்து ஆட்டம். இந்தியாவுக்குக் கிடைத்த ஒரே கோலை அடித்தவர் நம் பெங்களூரின் சாரங்கபாணி ராமன். கிடைத்த இரண்டு பெனால்டியும் வீணாகி, கடைசி நேரத்தில் இன்னொரு கோல் வாங்கி, 2-1 என்று தோற்றோம். அடுத்து ஐம்பதுகளுக்குப் போகவேண்டும். போவதற்கு முன் ஒரு கேள்வியைத் தீர்த்துக்கொள்ள விரும்புகிறேன். எதிராளியின் சைகையை, குரலை, உடம்பின் சாடையைப் படித்து அவனை முந்திக்கொள்வது ஆட்டமா, ஏமாற்றா? இந்தத் தொடரில் வரப்போகிற பல சண்டைகளுக்கு அடியில் இந்தக் கேள்விதான் கிடக்கிறது.

இதைக் கேட்பதற்கு அல்சூரைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை. 1809-இல் ஆங்கிலேயர்கள் இங்கே கன்டோன்மென்ட் போட்டபோது, பட்டாளத்தோடு சேர்ந்து தமிழர்களும் வந்தார்கள். சிப்பாய், சமையல்காரர், வண்ணார், கொத்தனார், காண்டிராக்டர் என்று ஒரு ஊரே இடம்பெயர்ந்து வந்தது. பக்கத்துத் தெருவில் உருது, அதற்கடுத்த தெருவில் தெலுங்கு, பெரிய பங்களாக்களில் ஆங்கிலம், சுற்றிலும் கன்னடம். பட்டாளத்து டீம்களைப் பார்த்துப் பந்தாடக் கற்றுக்கொண்ட பிள்ளைகளுக்கு மைதானத்தில் ரகசிய மொழி என்று ஒன்று வாய்க்கவே இல்லை. கல்கத்தாவில் ஒரு டீம் தனக்குள் வங்காளத்தில் கூப்பிட்டுக்கொண்டால் வெளியூர் ஆட்டக்காரனுக்குப் புரியாமல் போகலாம். இங்கே "விடு" என்றாலும் "பிடு" என்றாலும் "சோட்" என்றாலும் இருபத்திரண்டு பேருக்கும் புரியும். பக்கத்திலிருப்பவன் என்ன சொல்கிறான் என்று காதைத் தீட்டி வைத்துக்கொண்டு ஆடுவது இங்கே பழக்கமாகிவிட்டது. 1937-இல் பெங்களூர் முஸ்லிம்ஸ் பம்பாயில் ரோவர்ஸ் கோப்பையை வென்று, அடுத்த வருடமும் அதைத் தக்கவைத்ததைப் பற்றி எழுதியிருந்தேன். அகமது கான் 1948, 1952 என இரண்டு ஒலிம்பிக்கிலும் ஆடியதையும் எழுதியிருந்தேன். கால் திறமையைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். அந்தக் காதுகளைப் பற்றியும் பேசவேண்டும்.

அண்ணா அன்று சொன்னது தெருநியாயம் மட்டுமல்ல. கால்பந்தின் எழுதப்பட்ட விதியும் அதுதான். எதிராளியின் கூப்பாட்டைக் கேட்டு அதற்கேற்ப நகர்வதைத் தடுக்க எந்த விதியும் இல்லை. ஆனால் ஆட்டத்தின் நடுவே வாயால் எதிராளியைத் திசைதிருப்பினால் மஞ்சள் அட்டை, எதிரணிக்கு இன்டைரக்ட் ஃப்ரீ கிக். பந்துக்கு எதிராளி போகிறபோது அவனுடைய ஆள் மாதிரி "விடுடா, என்னுது" என்று குரல் கொடுப்பது இந்தக் கணக்கில் வரும். காதும் கண்ணும் உன்னுடையவை, அவற்றால் எவ்வளவு வேண்டுமானாலும் எடுத்துக்கொள். அவன் குரலை நீ போட்டுக்கொண்டால் அது கள்ளக் கையெழுத்து.

அல்சூர் ஏரிக்கரையில் இருக்கும் மெட்ராஸ் சேப்பர்ஸ் படைக்கு இந்த வித்தியாசம் நூறு வருடத்துக்கு மேலாகத் தெரியும். 1780-இல் சென்னையில் இரண்டு கம்பெனியாகத் தொடங்கி, 19-ஆம் நூற்றாண்டிலேயே பெங்களூருக்கு வந்த படை அது. 1911-இல் சிக்னல் படை என்று தனியாக ஒன்று அமையும்வரை, இந்திய ராணுவத்தில் தகவல் அனுப்பும் வேலை சேப்பர்ஸ் பிரிவுகளின் பொறுப்பில்தான் இருந்தது. மலைமேல் நின்று கொடி காட்டுகிறவனுக்கு ஒன்று நன்றாகத் தெரியும்: தன் ஆள் பார்க்கிற கொடியை எதிரியும் பார்க்கலாம். பார்த்துவிட்டான் என்று அவன்மேல் வழக்குப் போட முடியாது. ஆகவே குறியீட்டை மாற்றிக்கொண்டே இருக்கவேண்டும். 1907-இல் ஹேக் நகரில் வகுத்த போர்விதிகளும் இப்படித்தான் சொல்கின்றன. தந்திரம் செய்யலாம், எதிரியைப் பற்றிய தகவலைச் சேகரிக்கலாம். ஆனால் எதிரியின் சீருடையைப் போட்டுக்கொண்டோ, சமாதானக் கொடியைப் பொய்யாகப் பிடித்தோ ஏமாற்றக்கூடாது. உயிர் போகிற இடத்திலேயே இந்த வரம்பு இருக்கிறது. தொண்ணூறு நிமிட ஆட்டத்துக்கு அதைவிடத் தளர்ந்த வரம்பு போதும் என்று யாராவது சொன்னால் என்னால் ஏற்க முடியாது.

இனி நம் ஊர்ச் சண்டைக்கு வருகிறேன். 2023 மார்ச் 3, ஸ்ரீ கண்டீரவா ஸ்டேடியம். இந்தியன் சூப்பர் லீக்கின் நாக் அவுட் ஆட்டம், பெங்களூரு எஃப்சி – கேரளா பிளாஸ்டர்ஸ். தொண்ணூறு நிமிடம் முடிந்தும் கோல் இல்லை. எக்ஸ்ட்ரா டைமில், 96-ஆவது நிமிடம், பெட்டிக்கு வெளியே பெங்களூருக்கு ஃப்ரீ கிக். கேரளாவின் கோல்கீப்பர் தன் கோலை விட்டு வெளியே நின்று சுவர் அடுக்கிக்கொண்டிருந்தார். சுனில் சேத்ரி விசிலுக்காகக் காத்திருக்கவில்லை. காலியாகக் கிடந்த வலைக்குள் பந்தைத் தூக்கிப் போட்டுவிட்டார். நடுவர் கிரிஸ்டல் ஜான் கோல் என்றார். கேரளாவின் பயிற்சியாளர் இவான் வுகோமனோவிச் தன் ஆட்டக்காரர்களை மைதானத்தை விட்டு வெளியே கூப்பிட்டுக்கொண்டார். அவர்கள் திரும்ப வரவில்லை. ஆட்டம் பெங்களூருக்கு என்று தீர்ப்பானது. அந்த மாத முடிவில் அகில இந்திய கால்பந்து சம்மேளனம் கேரளா பிளாஸ்டர்ஸுக்கு 4 கோடி ரூபாய் அபராதமும், பயிற்சியாளருக்குப் பத்து ஆட்டத் தடையும் விதித்தது.

அன்றிரவு அல்சூர் டீக்கடைகளில் நடந்த சண்டையை இப்போது நினைத்தாலும் காது அடைக்கிறது. நம் தெருவில் மலையாளிகள் நிறைய. பக்கத்துப் பக்கத்துக் கதவுக்காரர்கள் இரண்டு நாள் பேசிக்கொள்ளவில்லை. "விசில் இல்லாம எப்படி அடிக்கலாம்?" என்பது ஒரு கட்சி. "விசில் வேணும்னு யார் சொன்னது?" என்பது இன்னொரு கட்சி.

விதி இரண்டாவது கட்சியின் பக்கம் இருக்கிறது. ஃப்ரீ கிக் கிடைத்த அணி நினைத்தால் உடனே அடிக்கலாம். எதிராளிகளைப் பத்து கஜம், அதாவது 9.15 மீட்டர், தள்ளி நிறுத்தும்படி நடுவரிடம் கேட்டால் விசில் வரும்வரை காத்திருக்கவேண்டும். அப்படிக் காத்திருக்கச் சொல்லும் நடுவர் தன் விசிலை உயர்த்திக் காட்டுவது வழக்கம். எனக்கு விசிலும் வேண்டாம், சுவரும் வேண்டாம் என்று நடுவரிடம் முன்பே சொல்லிவிட்டதாகப் பிறகு சேத்ரி விளக்கினார். கேரளாவின் அட்ரியன் லூனா அதைக் கேட்டார் என்றும், அதனால்தான் தன் முதல் முயற்சியைத் தடுக்க நின்றார் என்றும் சொன்னார்.

இந்த விவரம்தான் என்னை இத்தனை நாள் விடாமல் பிடித்துவைத்திருக்கிறது. அவர் சொன்னபடியே நடந்திருந்தால், அந்தச் சில விநாடிக்குள் ஒரே சைகையை இரண்டு பேர் இரண்டு விதமாகப் படித்திருக்கிறார்கள். லூனா சரியாகப் படித்துப் பந்தின் முன்னால் வந்து நின்றார். அவருடைய கோல்கீப்பர் படிக்கவில்லை. சேத்ரியோ எதிரணி மொத்தத்தையும் ஒரே பார்வையில் படித்துவிட்டார்: சுவருக்கான கைகள் உயர்ந்திருக்கின்றன, கண்கள் எல்லாம் தங்கள் ஆட்களின் மேல் இருக்கின்றன, பந்தை யாரும் பார்க்கவில்லை. கோல்கீப்பரின் கையசைவே அவருக்குச் செய்தி. அதைப் படித்ததில் களவு எங்கே இருக்கிறது? ஒன்றும் இல்லை என்பதுதான் என் தீர்ப்பு. ஆனால் கேரளக்காரர்களின் வலியில் ஒரு நியாயம் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். அடிப்பவர் நடுவர் காதில் மெதுவாகச் சொன்ன சொல் பத்து கஜம் தள்ளி நிற்கிற கோல்கீப்பருக்கு எப்படி எட்டும்? 'காத்திரு' என்பதற்குச் சைகை இருப்பதுபோல் 'அடிக்கலாம்' என்பதற்கும் எல்லோருக்கும் தெரியும்படி நடுவர் ஒரு கையைக் காட்டினால், இந்தச் சண்டையில் பாதி எழுந்திருக்காது. அது ஆட்டக்காரரின் பிழை இல்லை, விதி எழுதியவர்கள் நிரப்ப வேண்டிய இடம்.

ஆட்டத்திலேயே மிகக் கூர்மையான படிப்பு பெனால்டியில் நடக்கிறது. பதினோரு மீட்டர் தூரம். நன்றாக அடித்த பந்து கோலுக்கு வந்து சேர அரை விநாடிகூட ஆகாது. பந்தைப் பார்த்துவிட்டுப் பாய்கிறவனுக்கு அது கிடைக்காது. அதற்கு முன்பே அடிப்பவனின் உடம்பைப் படித்திருக்கவேண்டும். ஊன்றுகால் எந்தப் பக்கம் திரும்பி இறங்குகிறது, இடுப்பு திறக்கிறதா மூடுகிறதா, ஓடிவரும் சாய்வு என்ன. கௌதமபுரத்தில், பெலே சிலை வைத்திருக்கிற நம் குட்டி பிரேசிலில், பத்து வயதுக் கோலிக்குக்கூட இது தெரியும். அடிப்பவனும் சும்மா இருப்பதில்லை. ஓடிவரும்போது தயங்கலாம், போக்குக் காட்டலாம். ஆனால் ஓட்டம் முடிந்து பந்தின் பக்கத்தில் வந்தபின் அடிப்பதுபோல் பாவனை செய்து நிறுத்தக்கூடாது, மஞ்சள் அட்டை. 2023-இல் கோல்கீப்பருக்கும் வரம்பு போட்டார்கள்: கம்பத்தைத் தட்டி, வலையை ஆட்டி, நேரத்தைக் கடத்தி அடிப்பவனின் கவனத்தைக் கெடுக்கக்கூடாது. இரண்டு பக்கமும் படிக்கலாம், மறைக்கலாம். மற்றவன் படிப்பதைக் கெடுக்கக்கூடாது.

படித்ததை எழுதி வைத்துக்கொண்டால்? 2006 உலகக் கோப்பை காலிறுதி, பெர்லின். ஜெர்மனி – அர்ஜென்டினா பெனால்டிக்குப் போனது. ஜெர்மன் கோல்கீப்பர் யென்ஸ் லேமன் ஒவ்வொரு அடிக்கு முன்பும் காலுறையிலிருந்து ஒரு துண்டுக் காகிதத்தை எடுத்துப் பார்த்தார். யார் எந்தப் பக்கம் அடிப்பார் என்று கோல்கீப்பிங் பயிற்சியாளர் ஆந்த்ரேயாஸ் கோப்கே ஓட்டல் தாளில் பென்சிலால் எழுதிக் கொடுத்தது. கடைசியாக வந்த கம்பியாசோவின் பெயர் அதில் இல்லவே இல்லை. லேமன் அப்போதும் நிதானமாகக் காகிதத்தைப் பிரித்துப் பார்த்தார், பிறகு அந்தப் பந்தையும் தடுத்தார். கம்பியாசோ தன் ரகசியம் அதில் இருக்கிறது என்று நம்பியிருக்கலாம். அந்தக் காகிதம் பிறகு நற்காரியத்துக்காகப் பத்து லட்சம் யூரோவுக்கு ஏலம் போனது.

இப்போது அந்தக் காகிதம் தண்ணீர் பாட்டிலுக்கு மாறியிருக்கிறது. 2024 யூரோ காலிறுதியில் இங்கிலாந்தின் ஜோர்டன் பிக்ஃபோர்டு பாட்டிலில் ஒட்டியிருந்த பட்டியலைப் பார்த்துத்தான் சுவிட்சர்லாந்தின் அகாஞ்சி அடித்ததைத் தடுத்தார். இதெல்லாம் உழைப்பு. நூறு ஆட்டத்தைப் பொறுமையாகப் பார்த்து எடுத்த பாடம். ஆனால் 2022 ஜூனில் கத்தாரில் உலகக் கோப்பைத் தகுதி ஆட்டம் பெனால்டிக்குப் போனபோது, ஆஸ்திரேலியக் கோல்கீப்பர் ஆண்ட்ரூ ரெட்மெய்ன், பெரு கோல்கீப்பரின் குறிப்பு ஒட்டிய பாட்டிலைத் தூக்கிக் கூட்டத்துக்குள் எறிந்துவிட்டார். ஆஸ்திரேலியா வென்றது, உலகக் கோப்பைக்குப் போனது, பலர் அதைக் கெட்டிக்காரத்தனம் என்று புகழ்ந்தார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை. அடுத்தவன் படித்து வைத்ததைப் படிப்பது வேறு, அவன் புத்தகத்தைக் கிழித்துப் போடுவது வேறு.

வெளிப்படையாகக் காட்டியதைப் பற்றித்தான் இதுவரை பேசினேன். மறைத்து வைத்ததை எடுத்தால்? 2019 ஜனவரியில் இங்கிலாந்தில் லீட்ஸ் யுனைடெட்டின் ஆள் ஒருவர் டெர்பி கவுன்டியின் பயிற்சி மைதானத்துக்கு வெளியே நோட்டம் பார்த்துக்கொண்டிருந்தபோது பிடிபட்டார். லீட்ஸின் பயிற்சியாளர் மார்செலோ பியெல்சா மறுக்கவில்லை. எல்லா எதிரணிக்கும் இப்படி ஆள் அனுப்பியிருக்கிறேன் என்று பத்திரிகையாளர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்து, தன் ஆய்வுகளைத் திரையில் போட்டுக் காட்டினார். விதியில் அதற்குத் தடை எதுவும் அப்போது எழுதப்பட்டிருக்கவில்லை. நல்லெண்ணத்தோடு நடக்கவில்லை என்று இரண்டு லட்சம் பவுண்டு அபராதம் போட்டார்கள், பியெல்சா தன் கைக்காசிலிருந்து கட்டினார். ஆட்டத்துக்கு 72 மணி நேரத்துக்குள் எதிரணியின் பயிற்சியைப் பார்க்கக்கூடாது என்ற விதி அதற்குப் பிறகுதான் வந்தது. ஐந்து வருடம் கழித்து, 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில், கனடா பெண்கள் அணியின் ஆள் நியூசிலாந்துப் பயிற்சியின் மேல் ட்ரோனைப் பறக்கவிட்டார். பயிற்சியாளர் பெவ் பிரீஸ்ட்மேனுக்கு ஒரு வருடத் தடை, அணிக்கு ஆறு புள்ளி வெட்டு. அந்தப் பெண்கள் குரூப்பில் மூன்று ஆட்டத்தையும் வென்று, கையில் மூன்றே புள்ளியோடு அடுத்த சுற்றுக்குப் போனார்கள். ட்ரோன் விட்டவருக்காக அவர்கள் சுமந்த பாரம் அது.

அமெரிக்காவில் ஃபுட்பால் என்ற பெயரில் ஆடும் வேறு ஆட்டத்தில், ஓரத்தில் நிற்கும் பயிற்சியாளர்கள் கைச்சைகையால் அடுத்த ஆட்டத்தைச் சொல்லும் வழக்கம் இருந்தது. அதைக் கண்ணால் பார்த்துப் படிப்பது அங்கே குற்றமில்லை. 2007-இல் நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ் அணி எதிரணியின் சைகைகளை, தடைசெய்யப்பட்ட இடத்தில் நின்று வீடியோ எடுத்துப் பிடிபட்டது. பயிற்சியாளர் பில் பெலிச்சிக்குக்கு ஐந்து லட்சம் டாலர் அபராதம். ஒரே சைகை, ஒரே எதிராளி. கண்ணால் எடுத்தால் புத்தி, கேமராவால் எடுத்தால் தண்டனை.

அல்சூர் ஏரி ஓரத்தில் திருவள்ளுவர் சிலை இருக்கிறது. பதினெட்டு வருடம் துணியால் மூடிக் கிடந்து, 2009 ஆகஸ்ட் 9-இல் திறக்கப்பட்ட சிலை. அந்த வழியாகப் போகும்போதெல்லாம் எனக்கு ஒரு விஷயம் நினைவுக்கு வரும். திருக்குறளில் 'குறிப்பறிதல்' என்ற பெயரில் இரண்டு அதிகாரம் இருக்கிறது. ஒன்று அரசனின் முகத்தை அமைச்சன் படிப்பது, இன்னொன்று காதலர் கண்ணைக் காதலர் படிப்பது. ஒற்றனுக்கு 'ஒற்றாடல்' என்று வேறோர் இடம் கொடுத்திருக்கிறார். ஒற்றாடலை அவர் இழிவாகச் சொல்லவில்லை, அரசனுக்கு அது தேவை என்கிறார். ஆனால் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பவும் இல்லை. எதிரே நிற்பவன் முகத்தில் எழுதியிருப்பதைப் படிப்பது ஒரு வேலை, அவன் வீட்டுக்குள் ஆளை அனுப்புவது இன்னொரு வேலை. பந்தாட்டத்தில் நாடு பிடிக்கப் போகவில்லை; முதல் வேலை மட்டும் நமக்குப் போதும்.

2023 ஜூலை 4, மறுபடி கண்டீரவா. தெற்காசியக் கோப்பை இறுதி ஆட்டம், இந்தியா – குவைத். 1-1 என்று நின்று பெனால்டிக்குப் போனது. ஐந்து ஐந்து அடித்தும் தீரவில்லை. நவ்ரம் மகேஷ் சிங் போட்டார். குவைத்தின் காலித் ஹாஜியா வந்தார். நம் ஊர் டீமிலேயே விளையாடும் குர்பிரீத் சிங் சந்து பாய்ந்து தட்டிவிட்டார். கோப்பை இந்தியாவுக்கு.

மறுநாள் சாயங்காலம் கௌதமபுரம் பக்கம் போயிருந்தேன். மண்ணில் செருப்பைக் கழற்றிப் போட்டு கோல் வைத்திருந்தார்கள். ஒருவன் குர்பிரீத், ஒருவன் ஹாஜியா. ஹாஜியா நாலு முறை அடித்தான், கோலி நாலையும் தடுத்தான்.

"எப்படிடா? எனக்கே தெரியல எங்க அடிக்கப்போறேன்னு."

"உனக்குத் தெரியாது. உன் இடுப்புக்குத் தெரியும்டா."

அடிக்கிறவன் குனிந்து தன் இடுப்பைப் பார்த்தான். ஜெர்சியை டிரவுசருக்குள்ளிருந்து உருவி, முட்டி வரைக்கும் தொங்கும்படி இழுத்துவிட்டுக்கொண்டான். பந்தை மறுபடி வைத்தான்.

(தொடரும்)